முந்நூற்றெட்டு நுழையாத வீடு

1

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஐந்து பெற்றேன். ஐந்தையும் வளர்த்தேன். இப்போது உயிரோடு இருப்பது நாலு. ஒருத்தி லண்டனில், ஒருத்தி ஊரில், கடைசிப் பெடியன் ரொறன்ரோவில். நான் இரண்டாவது மகன் குகனோடு மொன்றியலில், வில்லரே என்கிற பகுதியில் இருக்கிறேன். வந்து பதினாறு வருசம்.

ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மலர் போடுகிறார்களாம். கனடா வாழ்க்கையைப் பற்றி ஏதும் எழுதித் தாங்கோ பெரியம்மா என்று என் தங்கச்சியின் மகள் கேட்டாள். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பகிடிக்குக் கேட்டாளோ தெரியாது. குளிரைப் பற்றி எழுதலாமாம், சினோவைப் பற்றி எழுதலாமாம். அதை எழுத நான் தேவையில்லை. அங்கே யாரைக் கேட்டாலும் தன் மகன் சினோவுக்குள் நிற்கிற படத்தைப் போனில் காட்டுவார்கள்.

நான் துவக்கில் போட்டுச் சுடுகிற ஒரு ரவையைப் பற்றி எழுதப் போகிறேன். குகன் எனக்கு வயதுபோய் அறளை பேர்ந்து புத்தி தடுமாறிவிட்டது என்று லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அம்மா பழசையும் புதுசையும் கலந்து கதைக்கிறா, ஒன்றையும் நம்பாதையுங்கோ என்கிறானாம். கதைத்தால் கலக்கும் என்றால் எழுதினால் கலக்காதுதானே. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதுகிறேன். கை நடுங்கினால் விட்டுவிட்டு மரக்கறி வெட்டுகிறேன். எனக்கு அவசரம் இல்லை.

2

குகனுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. இருபத்துமூன்று வயது. தாய் சுபா கார்டெரியில் பிள்ளை பார்க்கிறவள். பகல் முழுக்கப் பிரெஞ்சு பேசிப் பேசி வீட்டுக்கு வந்தும் மகளோடு பிரெஞ்சுதான். மகள் சிநேகிதிகளோடு இங்கிலிஸ். தமிழ் எனக்கு மட்டும், அதுவும் பசிக்கிற நேரம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவளை ஆறு வருசம் இழுத்துக்கொண்டு போனது நான். பஸ்ஸில் அழுவாள். அழு என்று விட்டுவிடுவேன். இன்றைக்கு எழுத்துக் கூட்டி என்றாலும் வாசிக்கிறாள் என்றால் அந்த அழுகையால்தான்.

பன்னிரண்டு வயதில் அவளை, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆமி மாதிரிப் பழக்குகிற கடெட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது குகன். பிள்ளை ஒழுங்கு பழகட்டும், உடுப்புக்கு இஸ்திரி போடப் பழகட்டும் என்று சொன்னான். கடெட்டில் இஸ்திரியும் பழக்கினார்கள், சுடவும் பழக்கினார்கள். முதலில் காற்றுத் துவக்கு. பிறகு கோடை முகாமில் பெரிய துவக்கு. ஒரு நாள் கழுத்தில் மெடல் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். குகன் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான். எந்த ரவையால் சுட்டாய் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் படம் எடுத்திருக்க மாட்டான்.

பதினெட்டு முடிந்ததும் துவக்கு லைசென்சுக்குப் போட்டாள். அவளைத் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டுமாம். சுபா மாட்டேன் என்றாள். நான் வைத்தேன். என் முழுப் பெயரையும் எழுதி வைத்தேன், ஒரு எழுத்தும் பிழையில்லை. லைசென்ஸ் கொடுக்கிற கந்தோரில் இருந்து போன் வந்தது. அந்த மனிசன் பிரெஞ்சில் கேட்க, ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை நடுவில் நின்று மாற்றிச் சொன்னாள். பாட்டிம்மா, உங்க பேத்தி கோவக்காரங்களா என்று கேட்டாள். நான் அவளுக்குப் பாட்டியும் இல்லை அம்மாவும் இல்லை. இந்த வீட்டில் கோவக்காரி நான் ஒருத்திதான், எனக்குத் துவக்கு வேண்டாம் என்று சொல்லு பிள்ளை என்றேன். அதை அவள் எப்படி மாற்றிச் சொன்னாளோ, லைசென்ஸ் வந்தது.

கீழ் பேஸ்மெண்டில் ஒரு மேசை போட்டாள். துவக்கு இரும்பு அலமாரிக்குள். அதற்கு இரண்டு பூட்டு. கடையில் விற்கிற ரவை இந்தப் போட்டிக்குச் சரிவராதாம், ஒவ்வொன்றையும் கையால் செய்ய வேண்டும். ஒரு ரவை என்பது நாலு சாமான். பித்தளைக் கோது, அதன் அடியில் தட்டுப்பட்டுப் பற்றுகிற சின்னக் குமிழ், உள்ளே வெடிமருந்து, மேலே பறந்துபோய்த் துளைக்கிற சன்னம். நாலும் எல்லா ரவையிலும் ஒரே மாதிரி இருந்தால்தான் ஆயிரம் யார், அரை மைலுக்கும் கூடின தூரத்தில் ஒரே இடத்தில் விழும்.

கோது நிறுக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சின்ன மின்சாரத் தராசு. கிரேன் என்ற கணக்கில் காட்டும். ஒரு கிரேன் என்றால் குண்டுமணியில் பாதிதான். எனக்கு இலக்கம் வாசிக்க எந்த மொழியும் தேவையில்லை. பாரத்தில் கூடினதை ஒரு பெட்டிக்கும், குறைந்ததை ஒரு பெட்டிக்கும், ஒத்துப்போகிறதை நடுப்பெட்டிக்கும் போடுவேன். பார்க் எக்ஸ்டென்சனில் கிழவர் கிழவிகள் கூடுகிற மண்டபம் ஒன்று இருக்கிறது. அங்கே போனால் நீரிழிவையும் மருமகளையும் பற்றித்தான் கதை. அதைவிட இது மேல்.

3

எந்த ரவையைத் தெரிவுசெய்வது என்பதுதான் இந்தப் பிள்ளைகளின் பெரிய சண்டை. ஆரணிக்குப் பழக்குகிறவர் ரெஜான் என்ற கிழவர். வெள்ளைத் தாடி. என்னைக் கண்டால் பொன்ஜூர் மதாம் என்று தொப்பியைக் கழற்றுவார். அவரும் அவளும் ரவையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒன்றில் இது இருந்தால் அது இல்லை.

ஆறரை என்று ஒன்று. ஆறரை மில்லிமீற்றர் சன்னம். மெலிந்து நீண்டது. காற்று அதை அவ்வளவு தள்ளாது, தோளிலும் அடிக்காது. ஆனால் துவக்குக் குழல் கெதியாகத் தேய்ந்துபோகும். ஆறு என்று அதையும்விட மெலிந்த ஒன்று. அதற்குக் குழல் இன்னும் கெதியாகத் தேயும். மற்றது முந்நூற்றெட்டு. பழசு, தடித்தது. சுட்டால் தோளில் மாடு முட்டின மாதிரி. ஆயிரம் யாரில் காற்றுத் தள்ளுகிற தள்ளலைப் பார்த்தால் அழுகை வரும் என்பாள். ஆனால் குழல் கனகாலம் நிற்கும்.

அப்படியென்றால் ஆறரையை எடுத்துவிட்டு இருக்க வேண்டியதுதானே என்று நானும் கேட்டேன். அங்கேதான் சிக்கல். போட்டியில் இரண்டு பிரிவு. ஒன்றில் எந்த ரவையும் சுடலாம். மற்றதில் முந்நூற்றெட்டு, இல்லாவிட்டால் அதைவிடச் சின்ன ஒன்று, இரண்டில் ஒன்றுதான். அந்தச் சின்னதைப் பெருங்காற்று வைக்கோல் மாதிரிக் கொண்டுபோய்விடும். மாகாண அணியில் மூன்று இடம் காலியாக இருந்தது இந்த இரண்டாவது பிரிவில். ரெஜான் அவளிடம் சொன்னாராம், ஆறரையோடு நீ இன்னும் பத்து வருசம் நல்லாகச் சுடலாம், ஆனால் அணிக்கு வர வேண்டுமென்றால் முந்நூற்றெட்டு, ஆனி மாதத்துக்கு முன் முடிவு சொல்லு என்று.

ஐந்து வருசமாக அவள் ஆறரை சுட்டது காற்றுக்காக இல்லை, தகப்பனுக்காக. முந்நூற்றெட்டு இந்த வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது என்பது குகனின் சட்டம். என் மூத்த மகன் சிவத்தை, குகனின் தமையனை, இருபத்தொரு வயதில் எங்கள் ஒழுங்கை முடக்கில் வைத்துச் சுட்டார்கள். அரசாங்கத்து ஆமி சுட்டது என்பது வீட்டுக் கதை. அந்தக் காலத்தில் ஆமி வைத்திருந்த எஸ்.எல்.ஆர் என்ற துவக்குக்கும் இந்த முந்நூற்றெட்டுக்கும் ஒரே ரவை என்று இன்டர்நெட்டில் கண்டுபிடித்தவன் குகன்தான். அகதிக் கேசில் எழுதிக் கொடுத்ததும் தமையனை ஆமி சுட்டது என்றுதான். கார்த்திகை மாதத்தில் மண்டபத்தில் செத்த இயக்கப் பெடியளுக்கு விளக்கு ஏற்றுகிறபோது முன் வரிசையில் நிற்பவனும் அவன்தான். என்னையும் வரச் சொல்லுவான். எனக்கு முழங்கால் நோ என்பேன். பதினாறு கார்த்திகையும் எனக்கு முழங்கால் நோ.

ஆரணி தகப்பனிடம் கேட்டாள். அவன் இல்லை என்றான். அவள் சொல்லாமல் கொள்ளாமல் முந்நூற்றெட்டுக்கு ஒரு குழல் எடுப்பித்து ரெஜானிடம் கொடுத்து மாட்டுவித்தாள். துவக்கு அதேதான், குழல் மட்டும் வேறு. வெளியில் இருந்து பார்க்கத் தெரியாது.

கோதுகள் வந்தன. நிறுக்க உட்கார்ந்தேன். முதல் கோதைக் கையில் எடுத்ததும் விளங்கிவிட்டது. மேலே என் பெட்டிக்குள், சிவத்தின் வேட்டிக் கரையில் சுற்றி, சிவம் விழுந்த இடத்தில் பொறுக்கின ஒரு கோதை நானும் வைத்திருக்கிறேன். அது இதைவிடக் கட்டை. மேல் பக்கம் ஒடுங்கிக்கொண்டு போகும், துருவும் பிடித்திருக்கும். கோதுகளில் நீளம் கட்டை உண்டு, அதை வைத்தே துவக்கைச் சொல்லலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

நூற்றைம்பது கோதையும் நிறுத்து முடித்தேன்.

4

சிவத்தின் திவசம் சித்திரையில் வரும். பார்க் எக்ஸ்டென்சனில் வாழையிலை வாங்கி, பதினொரு கறி சமைத்து, படத்துக்கு முன் படைத்தோம். சுபா லீவு எடுத்து நின்றாள். குகனும் நின்றான். மத்தியானம் கற்பூரம் கொளுத்துகிற நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. சாமான் கொண்டுவருகிற பெடியன். குகன் போய்க் கையெழுத்து வைத்து ஒரு பெட்டியோடு வந்தான். ஆரணிக்கு வந்த சன்னப் பெட்டி. வெளியிலேயே பெரிதாக இலக்கம் போட்டிருந்தது.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆறுதலாகப் பெட்டியைக் கிழித்து ஒரு சன்னத்தை எடுத்தான். படத்துக்கு முன் இருந்த இலையில், சோற்றுக்கு மேல் அதை வைத்தான்.

“அண்ணை, உங்கட மகள் உங்களுக்குப் படைக்கிறாள். சாப்பிடுங்கோ” என்று படத்தைப் பார்த்துச் சொன்னான்.

ஆரணி வெளிறிப் போனாள். நான் திருப்பி அனுப்பிறன் அப்பா, ரெஜானுக்கு ஏலாது எண்டு சொல்லிறன், ரீம் வேண்டாம் என்று தமிழும் பிரெஞ்சுமாகச் சொல்லிக்கொண்டு சன்னத்தை எடுக்கக் கை நீட்டினாள். அவன் கையைத் தட்டிவிட்டான். பெரியப்பாவின் மண்டையைத் துளைத்ததை நீ வீட்டில் இருந்து செய்கிறாய், ஆரின்ர பிள்ளை நீ என்று கேட்டான். சுபா இடையில் ஏதோ சொல்ல, நீ வாயை மூடு என்றான். ஆரணி விட்டுக்கொடுத்துவிட்டாள், அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். அவனுக்குப் போதவில்லை.

“அம்மா, அந்தக் கோதைக் கொண்டு வாங்கோ. இவள் ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டும்.”

நாற்பது வருசத்தில் அவன் அந்த முடிச்சை ஒரு நாளும் அவிழ்த்துப் பார்த்ததில்லை. என்னிடம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். முழங்கால் நோகிறது என்றும் சொல்லியிருக்கலாம். நான் என் மூத்த பிள்ளைக்குச் சமைத்துப் போட்ட சோற்றுக்கு மேல் அந்தச் சன்னம் கிடந்தது. நான் எழும்பிப் போய்க் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

ஆரணி முடிச்சை அவிழ்த்தாள். முதலில் அழுதுகொண்டுதான் தொட்டாள். பிறகு அழுகை நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழும்பிக் கீழே ஓடினாள். பயந்து ஓடுகிறாள் என்று குகன் நினைத்தான். அவன் முகத்தில் வந்த திருப்தியை நான் கண்டேன். அவள் அளக்கிற கருவியோடு திரும்பி வந்தாள். துரு உதிராமல் மெதுவாகப் பிடித்து அளந்தாள். பக்கத்தில் முந்நூற்றெட்டுக் கோது ஒன்றையும் நிறுத்தி வைத்தாள். ஒன்று வளர்ந்த பிள்ளை, ஒன்று குறளி. பிறகு ஒரு காந்தத்தை எடுத்தாள். பழைய கோது ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. பித்தளைக் கோது அசையவில்லை.

“அப்பா, இது முப்பத்தெட்டரை மில்லிமீற்றர். முந்நூற்றெட்டு ஐம்பத்தொண்டு. இது இரும்புக் கோது. எஸ்.எல்.ஆருக்குள்ள இது போகவே போகாது. இது ஏகே.”

சுபாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குகனுக்கு விளங்கியது, அந்த நேரம் ஏகே வைத்திருந்தது இயக்கம். ஆமியிடமும் ஏகே மாதிரி ஒன்று இருந்தது என்றான். அது பிறகு வந்தது அப்பா, நீங்கள்தானே சொன்னனீங்கள் அந்த நேரம் ஆமியிட்ட எஸ்.எல்.ஆர் எண்டு, என்றாள் பிள்ளை. அவள் தகப்பனை மடக்கச் சொல்லவில்லை. கணக்குப் பிழைத்தால் திருத்துகிற பழக்கம், அவ்வளவுதான்.

அவன் என் பக்கம் திரும்பினான்.

“அம்மா, ஆமிதானே?”

ஓம் என்று ஒரு சொல். நாற்பது வருசம் சொன்ன சொல். இன்னும் ஒரு தரம் சொல்லியிருந்தால் எல்லாம் பழையபடி இருந்திருக்கும். பிள்ளை முந்நூற்றெட்டை விட்டிருப்பாள், அணியை விட்டிருப்பாள், அந்த இலையை வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாள்.

“அந்த மாசம் ஆமி முகாமை விட்டு வெளிக்கிடேல்லை. எங்கட ஒழுங்கைக்கு ஆமி வரவே இல்லை. வந்தது உன்ர பெடியள்.”

நான் நிறுத்தவில்லை. இயக்கங்கள் ஒன்றையொன்று பிடித்துத் தின்ற காலம். தோற்ற இயக்கத்துப் பெடியள் இரண்டு பேருக்குச் சிவம் இடம் கொடுத்தான். சிவத்தோடு பள்ளியில் படித்த பெடியள். மூன்று நாள் எங்கள் விறகுக் கொட்டிலுக்குள் படுத்தார்கள். நான்தான் பிட்டும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலாம் நாள் விடிய அவர்கள் போய்விட்டார்கள். அன்று மத்தியானம் சைக்கிளில் நாலு பேர் வந்தார்கள்.

“நீ இயக்கக் கடிதம் கொண்டுபோய்க் குடுத்த பெடியன், உனக்குச் சைக்கிள் ஓடத் தந்தவன், அவன்தான் படலையில நிண்டு கூப்பிட்டவன். சிவம் அண்ணை, ஒருக்கா வாங்கோ கதைக்கோணும் எண்டான். சிவம் சேட்டுக்கூடப் போடாமல் போனவன்.”

இரண்டு வெடி. நான் போகிறபோது ஒரு கோதுதான் கிடந்தது.

குகன் சாப்பிட உட்காரவில்லை. தன் இலையைத் தானே மடித்தான், கறியோடு. கையைக் கழுவினான். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சோற்றுக்கு மேல் இருந்த சன்னத்தை நான் எடுத்துக் கழுவித் துடைத்து ஆரணியின் பெட்டிக்குள் போட்டேன். ஒன்று குறைந்தால் கணக்குப் பிழைக்கும்.

சிவத்தைச் சுட்ட அன்று குகன் ஊரில் இல்லை, என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தான். அடுத்த நாள் வந்து ஆர் அம்மா எண்டு கேட்டான். ஆமி என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் அவர்களோடு போய் மல்லுக்கட்டிச் செத்திருப்பான், இல்லாவிட்டால் எங்கள் மாமரத்தில் தொங்கியிருப்பான். ஒரு கிழமையில் இரண்டு பிள்ளைகளைக் கொடுக்க நான் தயாராயில்லை. பத்தாம் நாள் கொழும்புக்கு அனுப்பினேன். ஆர் சுட்டது என்று ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, பிறகு திறந்து பிரயோசனம் இல்லை. படலையில் நின்று கூப்பிட்டவனும் பிறகு ஒரு சண்டையில் செத்துப்போனான். அவன் தாய் இன்னும் ஊரில் இருக்கிறாள். அதனால் பெயர் எழுதவில்லை.

5

ஆனியில் அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி. ஒட்டாவாப் பக்கம், இரண்டு மணித்தியால ஓட்டம். ரெஜானின் வானில் நானும் போனேன். குகன் வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் போட்ட சட்டம் அழிந்துவிட்டது, அழிந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பெரிய புல்வெளி. ஒரு கரையில் பிள்ளைகள் பாய் போட்டுக் குப்புறப் படுத்திருக்கிறார்கள். மற்றக் கரையில் கடதாசி இலக்கு, என் கண்ணுக்கு அரிசி அளவு. இடையில் கம்பங்களில் நீளக் கொடிகள். கொடி ஆடுகிறதைப் பார்த்துக் காற்று எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டு, அவ்வளவுக்குத் துவக்கின் குறிபார்க்கிற கண்ணாடியைத் திருப்பி, பிறகுதான் சுட வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் இலக்கைக் கீழே இறக்கி, ஓட்டை விழுந்த இடத்தில் அடையாளம் குத்தி மேலே தூக்கிக் காட்டுகிறார்கள். நடுவட்டத்துக்குள் இன்னும் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. அதற்குள் விழுந்தால் தனி மதிப்பு.

நான் ஒரு மடக்குக் கதிரையில், காதுக்கு மூடி போட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு கடதாசியைச் சுடுவதற்கு எவ்வளவு கணக்கு, எவ்வளவு அளவு, எத்தனை நாள் கோது நிறுப்பு. எங்கள் பெடியளுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. ஆறு முழத் தூரம் போதுமாக இருந்தது. காற்றும் அன்றைக்கு இல்லை.

பின்னேரம் காற்றுக் கிளம்பி எல்லாருக்கும் சன்னம் வெளியில் போகத் தொடங்கியது. ஆரணிக்குக் குறைவாகப் போனது. ரெஜான் தன் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றார். முடிவில் பெயர் வாசித்தபோது அவள் பெயர் மூன்றாவது. அணியில் சேர்ந்துவிட்டாள். ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் தோள் நீலம் பாரித்திருந்தது.

திரும்பி வருகிறபோது வானில் சொன்னாள், இனி முந்நூற்றெட்டைப் பிடிக்க எனக்குக் கஷ்டமில்லை அப்பம்மா, அது ஒருத்தரையும் கொல்லேல்லை என்று. பிள்ளை சந்தோசத்தில் சொன்னது. நான் விடவில்லை.

“அது எங்கட ஊரில எத்தினையோ பேரைத் திண்டது. எங்கட ஆளை மட்டும்தான் தின்னேல்லை. தெரிஞ்சுகொண்டு சுடு.”

ரெஜானுக்குத் தமிழ் தெரியாது, றேடியோவைக் கூட்டிவிட்டார்.

6

திவசத்துக்குப் பிறகு குகன் என்னோடு கதைப்பதில்லை. லவாலில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் வேலை. வந்தால் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் போய்விடுவான். எனக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் சுபாவிடம் சொல்லுவான், நான் அங்கேயே நின்றாலும். அதை நான் பொறுத்தேன். சனங்களோடு கதைக்காமல் இருக்க எனக்கும் தெரியும்.

பிறகுதான் அறளைக் கதை தொடங்கியது. லண்டன் மகள் அழுதுகொண்டு போன் எடுத்தாள், அம்மா உங்களுக்கு ஆக்களை மாறித் தெரியுதாமே என்று. ரொறன்ரோவான் தமையனை நம்பிவிட்டான். எனக்கு அறளை என்றால், நான் திவசத்தில் சொன்னது அறளைக் கதை. ஆமி மறுபடியும் ஆமி. மண்டபத்தில் மறுபடியும் விளக்கு. தமையனைக் கொன்றது ஆர் என்று தெரிந்து வாழ்வதைவிடத் தாய்க்கு விசர் என்று சொல்வது அவனுக்குச் சுகமாக இருக்கிறது.

ஆடி மாதத்தில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோனான். மூன்று மாதத்துக்கு முன் பதிந்து வைத்திருக்கிறான், அதாவது திவசம் முடிந்த கிழமையே. அங்கேயும் ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை, யூனிவேர்சிற்றியில் படிக்கிறவளாம். இன்னைக்கு என்ன கிழமை பாட்டி என்றாள். வியாழன், நீ சாப்பிட்டனியோ என்றேன். மணிக்கூடு கீறச் சொன்னார்கள், கீறினேன். ஐந்து சொல் சொல்லி, பத்து நிமிசம் கழித்துக் கேட்டார்கள். ஐந்தையும் சொன்னேன், பின்னால் இருந்து முன்னாலும் சொன்னேன். நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். நான் கிரேனில் கழிக்கிறவள். டொக்டர் சிரித்துவிட்டு, மதாமின் மூளை நல்ல மூளை, முழங்காலைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னார்.

காரில் குகன் சுபாவிடம் சொன்னான், அது இந்தியத் தமிழில் கேட்ட சோதனை, அதை நம்பேலாது என்று. பின் சீற்றில் நான் இருந்தேன். கண்ணாடியில் அவன் கண் ஒருக்கால் என்னைப் பார்த்தது. பார்த்தது எனக்கு நிச்சயம். அன்றைக்குப் பின்னேரம் டொலர் கடைக்குப் போய், இதை எழுதுகிற இந்தக் கொப்பியை வாங்கினேன்.

7

குகன், இது உனக்கு. மலரில் போடுவதா விடுவதா என்பது அவர்களின் விருப்பம். நீ என் வாய்ச் சொல்லைக் கேட்க மாட்டாய், ஆனபடியால் எழுதுகிறேன்.

அன்றைக்குப் படையல் மேசையில் எல்லாவற்றையும் நான் சொல்லவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டேன். நீ அதோடு எழும்பி வந்து, பிள்ளை, பிழை விட்டிட்டன் என்று உன் மகளிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அதை நான் என்னோடு கொண்டுபோயிருப்பேன். நீ சொல்லவில்லை. நீ என்னை விசரியாக்கினாய்.

அந்த இரண்டு பெடியளும் விறகுக் கொட்டிலுக்குள் படுத்தது நாலு பேருக்குத்தான் தெரியும். சின்னன்கள் மூன்றையும் என் அம்மா வீட்டில் விட்டிருந்தேன். ஒழுங்கைக்குத் தெரியாது. சிவத்துக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். சிவம் சொல்லவில்லை, அவன் செத்தவன். அப்பா வீட்டுக்குள்ளேயே கதைக்காத மனிசன். நான் சொல்லவில்லை.

தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழியில் நீ அந்தப் பெடியனைக் கண்டாய். உனக்குப் பதினாறு வயது. அவன் உனக்குச் சைக்கிள் தந்தவன், உன்னைப் போராளி என்று கூப்பிட்டவன். எங்கட வீட்டிலயும் இயக்கப் பெடியள் நிக்கினம் என்று பெருமைக்குச் சொல்லியிருப்பாய். எந்த இயக்கம் என்றும் சொல்லியிருப்பாய். கொல்லச் சொல்லிச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் சொன்னது நீ.

இது எனக்குத் தெரிய வந்தது அடுத்த நாள். நீ வந்து ஆர் அம்மா எண்டு கேட்டாய். ஆர் என்று கேட்கிறபோது உன் கண் என்னைப் பார்க்கவில்லை, விறகுக் கொட்டிலைப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் நான் ஆமி என்று சொன்னேன். உன் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. தமையன் முற்றத்தில் கிடக்க, உனக்கு ஆறுதல் வந்தது. அதைக் கண்டுகொண்டுதான் உன்னை இழுத்து மடியில் போட்டு அழுதேன். கண்டுகொண்டுதான் உனக்குச் சோறு தீத்தினேன். கண்டுகொண்டுதான் உன்னைக் கொழும்புக்கு ஏற்றினேன். உன் வீட்டில் பதினாறு வருசம் உனக்குச் சமைத்துப் போட்டதும் கண்டுகொண்டுதான்.

நீயும் அறிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாய். ஆமி என்ற கதையை நீ விடாமல் பிடித்தது அதனால்தான். முந்நூற்றெட்டை வாசலில் மறித்ததும் அதனால்தான். அது ஆமியின் ரவை என்றால் நீ தப்பினாய். மறிக்கிற ஆள் நீயாக இருந்தால் ஒருத்தரும் உன்னைச் சந்தேகத்தோடு பார்க்கப் போவதில்லை. நீ தப்புவதற்கு உன் தமையனின் சோற்றில் உன் பிள்ளையின் சன்னத்தை வைத்தாய்.

நான் உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே. அதை யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. இனி நீயும் நானும் மிச்ச நாளைக்கு இதைத் தெரிந்துகொண்டு ஒரே வீட்டில் இருப்போம். அறளை என்று இனி ஒரு ஆளுக்குச் சொன்னாய் என்றால் இந்தக் கொப்பியைப் படம் பிடித்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்ப என் பேத்திக்கு ஒரு நிமிசம் போதும்.

ஆரணி, எழுதி முடிந்தது, வந்து இதிலே இரு. முதல் பக்கத்தில் இருந்து வாசி, நான் எழுதினது சரியோ என்று பார்ப்போம். எழுத்துக் கூட்டி ஆறுதலாக வாசி, ஒரு சொல்லும் விடாதை. அழுகை வந்தாலும் நிப்பாட்டாதை. கொஞ்சம் சத்தமாக, பிள்ளை. அப்பா முன் அறையில்தான் இருக்கிறார், கதவைச் சாத்த வேண்டாம்.